2022 வேர்ல்ட் கப் ஜெயிச்ச அர்ஜென்டினா ஃபுட்பால் டீம் கோச் ஸ்கலோனி பிளேயரா இருந்தப்போ எப்படி? அவர் ஆடினதை பார்த்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?

கார்த்தி_பத்து:

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்குற கேள்வி, இங்க பழைய ஆளுங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு தான் கேக்குறேன். நான் அர்ஜென்டினா பக்கம் வந்தது 2014ல, மரகானாவுல வேர்ல்ட் கப் ஃபைனல்ல ஜெர்மனிகிட்ட எக்ஸ்ட்ரா டைம்ல தோத்த அந்த ராத்திரி. மெஸ்ஸி கப்பை பார்த்துக்கிட்டே அதைத் தாண்டி நடந்து போனதை பார்த்துட்டு விடியற வரைக்கும் தூக்கமே வரல, அன்னிக்கு பிடிச்சது இன்னும் விடல. அதனால ஸ்கலோனி கோச் ஆன பிறகு நடந்தது எல்லாம் மேட்ச் மேட்ச்சா ஞாபகம் இருக்கு, 2021 கோபா அமெரிக்கா (தென் அமெரிக்க நாடுகளோட கப்), 2022 வேர்ல்ட் கப், 2024 கோபா எல்லாமே லைவ்ல பார்த்தது.

ஆனா அந்த மனுஷன் ஆடின காலத்தை பத்தி எங்க தேடினாலும் ரெண்டு வரிக்கு மேல கிடைக்க மாட்டேங்குது. ரைட் பேக் (வலது பக்க டிஃபெண்டர்), நேஷனல் டீமுக்கு 7 மேட்ச், முடிஞ்சுது. 7 மேட்ச் ஆடின ஒருத்தர் எப்படி மெஸ்ஸி, டி மரியா, ஓட்டமெண்டி எல்லாம் உக்காந்திருந்த டிரஸ்ஸிங் ரூம்ல போய் நின்னு நீ இன்னிக்கு பெஞ்ச்ல உக்காருப்பான்னு சொன்னாரு, அவங்களும் மூஞ்சிய தூக்கிக்காம கேட்டாங்க? அதுக்கான பதில் அவர் ஆடின நாள்ல எங்கயாச்சும் இருக்கா? இல்ல மெஸ்ஸி இருந்ததால யார் கோச்சா நின்னிருந்தாலும் இதான் நடந்திருக்குமா? தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவா சொல்லுங்க ப்ளீஸ்.

ரைட்பேக்_ராஜா:

தம்பி, இதை யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு ரொம்ப வருஷமா இருந்தேன். நானும் காலேஜ் டீம்ல ரைட் பேக் தான், அதனால டிவியில மேட்ச் ஓடினா எல்லாரும் ஃபார்வர்டை பார்க்குறப்போ நான் வலது பக்க டிஃபெண்டரை தான் பார்ப்பேன், அப்படித்தான் இவரும் கண்ணுல பட்டாரு.

சொந்த ஊர் புஹாத்தோ, சாண்டா ஃபே மாகாணத்துல வயலுக்கு நடுவுல இருக்குற சின்ன ஊர், ரொசாரியோல இருந்து ஒரு 40 கிலோமீட்டர். நியூவெல்ஸ் ஓல்டு பாய்ஸ்ல 1995ல முதல் மேட்ச், அப்புறம் எஸ்டூடியாண்டஸ், அப்புறம் 20 வயசு முடியுறதுக்குள்ளயே ஸ்பெயின்ல டெபோர்டிவோ லா கொருன்யா. அங்க 8 வருஷம் இருந்தாரு. இப்ப இருக்குற பசங்களுக்கு டெபோர் யாருன்னே தெரியாது, ஆனா அந்த டீம் 1999-2000ல லா லிகா, அதான் ஸ்பெயின் லீக், ஜெயிச்ச டீம். மாட்ரிட், பார்சா ரெண்டு பேரையும் தள்ளிட்டு ஒரு கடலோர ஊர் டீம் சாம்பியன் ஆச்சு, அந்த ஸ்குவாட்ல இவரும் இருந்தாரு. ஆனா முதல் சாய்ஸ் ரைட் பேக் மானுவல் பாப்லோ. 2001ல ஒரு டெர்பி மேட்ச்ல பாப்லோவுக்கு கால் உடைஞ்ச பிறகு தான் இவருக்கு அந்த இடம் நிலையா கிடைச்சுது.

அதனால தான் 2002 மார்ச் 6ம் தேதி அவர் ஆட முடிஞ்சுது. ரியல் மாட்ரிட் கிளப்போட 100வது பிறந்தநாள் அன்னிக்கே, அவங்க சொந்த பெர்னபேயு ஸ்டேடியத்துலயே கோபா டெல் ரே (ஸ்பெயின் கிளப்களோட கப்) ஃபைனல், ஜிடான், ராவுல், ஃபீகோ எல்லாம் எதிர்ல, ஊரே கொண்டாட்டத்துக்கு ரெடியா இருந்துச்சு. டெபோர் போய் 2-1ல ஜெயிச்சுட்டு வந்துச்சு. ஸ்பெயின்ல அதுக்கு தனியா ஒரு பேரே வச்சிருக்காங்க, செண்டெனரியாசோன்னு. அன்னிக்கு ரைட் பேக் ஸ்கலோனி.

அடுத்தது நீ கண்டிப்பா தேடி பார்க்க வேண்டிய மேட்ச். 2006 எஃப்ஏ கப் (இங்கிலாந்து கிளப்களோட கப்) ஃபைனல், மே 13, கார்டிஃப். அந்த ஜனவரியில தான் லோன்ல, அதாவது தற்காலிகமா, வெஸ்ட் ஹாம் வந்திருந்தாரு, எதிர்ல லிவர்பூல். முதல் கோலே இவர் வலது பக்கம் ஓடிப்போய் தாழ்வா போட்ட கிராஸ், லிவர்பூல் டிஃபெண்டர் காராகர் கால்ல பட்டு சேம் சைட் கோல். வெஸ்ட் ஹாம் 2-0, அப்புறம் 2-2, அப்புறம் 3-2ன்னு போயிட்டு 90 நிமிஷம் வந்தாச்சு. லிவர்பூல் ஆளு சிசே காலு பிடிச்சுக்கிட்டு கீழ விழுந்துட்டாரு, உடனே ஸ்கலோனி நியாயமா பந்தை வெளிய அடிச்சு ஆட்டத்தை நிறுத்தினாரு. த்ரோ வந்து லிவர்பூல் பந்தை அவர்கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டு உடனே நெருக்க ஆரம்பிச்சாங்க. இவர் அவசரத்துல தூக்கி அடிச்சாரு, பந்து நேரா லிவர்பூல் கேப்டன் ஜெரார்டுகிட்ட போச்சு, அங்கேருந்து இடது பக்கம், ஒரு கிராஸ், ஹெட் பண்ணி வெளிய தள்ளினாங்க, தள்ளின பந்து மறுபடி ஜெரார்டு முன்னாடியே குதிச்சு வந்துச்சு, 30 கெஜத்துக்கும் மேல தூரத்துல இருந்து அவர் அடிச்ச அடி இன்னும் கண்ணுல நிக்குது. 3-3. பெனால்டில வெஸ்ட் ஹாம் போச்சு.

அதுக்கப்புறம் ராசிங் சாண்டாண்டர், லாட்சியோ, மயோர்கா, அட்டலாண்டான்னு போயி 2015ல நிறுத்திட்டாரு. எனக்கு தோணுறது இதுதான்: இவர் வாழ்க்கை பூரா பெஞ்ச்ல உக்காந்தவங்க, பாதியில உள்ள போனவங்க, ஒரே ஒரு உதையால தூக்கம் போனவங்க, அவங்க பக்கம் நின்னவரு. கோச் ஆன பிறகு அவர் டீம் நடத்துற விதமே அதுல இருந்து வந்ததுன்னு நம்புறேன்.

கிள்ளான்_குமரன்:

ராஜா அண்ணே ஒரு முக்கியமானதை விட்டுட்டீங்க. நான் மலேசியா, கிள்ளான்காரன். 1997ல அண்டர் 20 வேர்ல்ட் கப் எங்க நாட்டுல தான் நடந்துச்சு, ஃபைனல் ஷா ஆலம் ஸ்டேடியம், ஜூலை 5. எங்க வீட்டுல இருந்து பக்கம் லா, அப்பா என்னையும் தம்பியையும் கூட்டிட்டு போனாரு, கச்சான் (வேர்க்கடலை) பொட்டலத்தை மடியில வச்சுக்கிட்டு மேல் வரிசையில உக்காந்திருந்தோம். அர்ஜென்டினா, உருகுவே. உருகுவே முதல்ல கோல் போட்டாங்க, காம்பியாசோ சமன் பண்ணாரு, கின்டானா ரெண்டாவது அடிச்சு 2-1.

உண்மைய சொல்லணும்னா எனக்கு அன்னிக்கு ஸ்கலோனின்னு ஒருத்தர் இருந்ததே மனசுல பதியல. கண்ணு பூரா ரிகெல்மேயும் அய்மாரும் தான். அய்மார் அப்போ ஒல்லியா சின்னப் பையன் மாதிரி இருப்பாரு, பந்து கால்ல இருக்குறப்போ எங்க வரிசையில எல்லாரும் எழுந்து நின்னோம். அந்த டீம் கோச் பெக்கர்மன். பின்னாடி தான் தெரிஞ்சுக்கிட்டேன், அதே டோர்னமெண்ட் குவார்ட்டர் ஃபைனல்ல பிரேசிலுக்கு எதிரா கோல் போட்டவங்கள்ல ஸ்கலோனியும் ஒருத்தர்.

இப்ப 2022 கத்தார் வேர்ல்ட் கப்ல அர்ஜென்டினா கோச்சுங்க உக்காந்த பெஞ்சை பாருங்க. ஸ்கலோனி, பக்கத்துல அய்மார், அந்தப் பக்கம் வால்டர் சாமுவேல். மூணு பேரும் 97ல ஷா ஆலம்ல கப் தூக்கினவங்க. நாலாவது ஆளு அயாலா மட்டும் தான் அந்த டீம்ல இல்ல. கத்தார் ஃபைனல் முடிஞ்சு அந்த கும்பல் கட்டிப் பிடிச்சுக்கிட்டதை பார்த்தப்போ எனக்கு எங்க அப்பா ஞாபகம் தான் வந்துச்சு, அவர் இப்ப இல்ல.

கார்த்தி, உங்க கேள்விக்கு இதுல பாதி பதில் இருக்குன்னு நினைக்கிறேன். மெஸ்ஸி சின்ன வயசுல இருந்து அய்மார் ரசிகர், அதை அவரே பல தடவை சொல்லியிருக்காரு. அந்த அய்மாரை பக்கத்துல வச்சுக்கிட்டு தான் ஸ்கலோனி பேசினாரு.

வேணி_மிட்ஃபீல்டு:

எல்லாம் நல்லா இருக்கு, ஆனா நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுறேன், கோவிச்சுக்காதீங்க. பழைய கதையை வச்சு ஒருத்தரை பெரிய ஆளாக்குறது சுலபம். 2018ல ரஷ்யாவுல ஃபிரான்ஸ்கிட்ட 4-3ல தோத்தப்போ அப்போ கோச்சா இருந்த சம்பவோலியோட உதவியாளரா அதே பெஞ்ச்ல இருந்தவர் தானே இவர். சம்பவோலி போன பிறகு இவர் மட்டும் தங்கிட்டாருன்னு அங்க பத்திரிகையில கிழிச்சாங்க. டெம்பரரி கோச்சா தான் போட்டாங்க, பெரிய டீம் ஒண்ணையும் தனியா நடத்தினதே கிடையாது. இந்த ஆளால டிராஃபிக்கை கூட ஒழுங்குபடுத்த முடியாதுன்னு மரடோனாவே பேசினாரு.

ஜெயிச்ச மேட்ச்லயும் ஓட்டை இருக்கு. கத்தார்ல நெதர்லாந்துக்கு எதிரா 2-0ல இருந்து 2-2 ஆச்சு, ஃபிரான்ஸுக்கு எதிரான ஃபைனல்ல 80 நிமிஷம் வரைக்கும் 2-0, ரெண்டே நிமிஷத்துல போச்சு. டி மரியா அந்த பக்கத்தை கிழிச்சு தொங்கவிட்டுட்டு இருந்தப்போ 64வது நிமிஷத்துல அவரை எடுத்துட்டு அகுன்யாவை இறக்கினது தப்புன்னு இன்னிக்கும் சொல்வேன். 120 நிமிஷம் தாண்டி ஃபிரான்ஸ் ஆளு கோலோ முவானி அடிச்சதை நம்ம கோல்கீப்பர் எமி மார்டினெஸ் கால்ல தடுக்கலன்னா நாம இங்க வேற கதை பேசிட்டு இருப்போம். அந்த எமியும் 2021ல இன்னொரு கோல்கீப்பர் அர்மானிக்கு கோவிட் வந்ததால உள்ள வந்தவர் தான். அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு கொடுக்கணும்.

ரைட்பேக்_ராஜா:

வேணி சொன்னதுல பாதிய அப்படியே ஒத்துக்குறேன். டி மரியாவை எடுத்தது எனக்கும் வயித்தெரிச்சல் தான், அதுல மறுபேச்சு இல்ல.

ஆனா மெஸ்ஸி இருந்தா போதும்னா 2010ல மரடோனா கோச்சா இருந்தப்போ ஜெர்மனிகிட்ட 4-0ல தோத்தது ஏன், 2015லயும் 2016லயும் மார்டினோ கோச்சா இருந்தப்போ ரெண்டு கோபா ஃபைனலும் சிலிகிட்ட பெனால்டில போனது ஏன்? 1993க்கு அப்புறம் 28 வருஷம் ஒரு பெரிய கப் கூட வரல, அதுல பாதிக்கும் மேல மெஸ்ஸி இருந்த காலம். எமி விஷயத்துலயும், சான்ஸ் கிடைச்சது அதிர்ஷ்டம் தான், ஆனா அர்மானி சரியாகி வந்த பிறகும் எமியவே வச்சுக்கிட்டாரே, அது முடிவு.

நான் சொல்ல வந்தது கத்தார்ல முதல்ல ஆடின சவுதி மேட்ச். 36 மேட்ச் தோக்காம வந்த டீம் லுசைல்ல 2-1ல விழுந்துச்சு. வேற கோச்சா இருந்தா ஜெயிச்சுக் கொடுத்த பசங்கன்னு அதே டீமை திரும்ப இறக்கியிருப்பாங்க. இவர் அடுத்த மெக்சிகோ மேட்சுக்கு 5 பேரை மாத்தினாரு. அதுலயும் நிக்கல, போலந்துக்கு எதிரா என்சோ ஃபெர்னாண்டஸும் அல்வாரெஸும் ஸ்டார்ட்டிங்ல வந்துட்டாங்க. ரெண்டு வருஷமா மெயின் ஆளா இருந்த பரேடெஸும் லவுட்டாரோவும் வெளிய. இங்க தான் நீ கவனிக்கணும் கார்த்தி: லவுட்டாரோ சப்பா வந்து நெதர்லாந்துக்கு எதிரா கடைசி பெனால்டிய போட்டாரு. பரேடெஸ் ஃபைனல்ல எக்ஸ்ட்ரா டைம்ல வந்து பெனால்டி போட்டாரு. வெளிய உக்கார வச்ச ஆளு மனசு கசந்து போகாம வந்து போடுறான் பாரு, அதை யாரும் போர்டுல வரைஞ்சு சொல்லிக் கொடுக்க முடியாது. ஜெயிச்சதும் ஸ்கலோனி உடைஞ்சு அழுதது யாரை கட்டிப் பிடிச்சுன்னு பாருங்க, அதே பரேடெஸ்.

குமரன் 97 சொன்னதால இன்னொண்ணு. கார்டிஃப்ல தோத்து சரியா ஆறு வாரம் கழிச்சு, 2006 ஜூன் 24, ஜெர்மனியில லைப்சிக். வேர்ல்ட் கப் ரவுண்ட் ஆஃப் 16, மெக்சிகோ. அப்போ நேஷனல் டீம் கோச்சா இருந்த பெக்கர்மன், பேர் போன சனெட்டியை விட்டுட்டு ஸ்கலோனிய ஸ்குவாட்ல எடுத்தாருன்னு அர்ஜென்டினாவே கொதிச்சுப் போயிருந்துச்சு. அன்னிக்கு ரைட் பேக்கா முதல்ல இருந்தே ஆடினாரு, அவர் ஆடின ஒரே வேர்ல்ட் கப் மேட்ச் அதுதான். சென்டர் பேக் அயாலா. 76வது நிமிஷம் அய்மார் உள்ள வந்தாரு, 84வது நிமிஷம் மெஸ்ஸி, அன்னிக்கு தான் அவருக்கு 19 வயசு முடியுது. மாக்ஸி ரோட்ரிகெஸ் நெஞ்சுல வாங்கி இடது கால்ல அடிச்ச அந்த கோல் போனப்போ இந்த நாலு பேரும் ஒரே கிரவுண்டுல இருந்தாங்க.

வேணி_மிட்ஃபீல்டு:

லைப்சிக் விஷயம் எனக்கு சுத்தமா தெரியாது, இத்தனை தடவை அந்த கோலை பார்த்திருக்கேன், ரைட் பேக் யாருன்னு ஒரு தடவை கூட பார்க்கல. டி மரியா விஷயத்துல மட்டும் மாற மாட்டேன். ஆனா அவரை இடது பக்கம் போட்டு ஃபைனலை ஆரம்பிச்சது யாருன்னு கேட்டா அதுவும் ஸ்கலோனி தான். அது வரைக்கும் வலது பக்கம் ஆடினவரு, காயத்துக்கு அப்புறம் நாக்அவுட்ல கொஞ்ச நேரம் மட்டும் தான் ஆடியிருந்தாரு, அவரை கொண்டு போய் ஃபிரான்ஸ் ரைட் பேக் கூண்டே மேல ஏவி விட்டதை அவங்க கோச் டெஷாம் எதிர்பார்க்கவே இல்ல, ஹாஃப் டைமுக்கு முன்னாடியே ரெண்டு பேரை மாத்த வேண்டியதா போச்சு. அதுக்கான மார்க்கை கொடுத்துடுறேன்.

கார்த்தி_பத்து:

எல்லாருக்கும் மனசார நன்றி. குமரன் அண்ணா, உங்க அப்பாவை பத்தி எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன்.

ராஜா அண்ணா சொன்ன கார்டிஃப் மேட்சை நேத்து ராத்திரி உக்காந்து பார்த்தேன். அந்த உதை வர்ற இடத்துல நிறுத்தி நிறுத்தி பார்த்தேன், உடம்பு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் சும்மா படுத்திருக்குறப்போ திடீர்னு உறைச்சுது. கத்தார் ஃபைனல்ல எக்ஸ்ட்ரா டைம் முடியப் போறப்போ எம்பாப்பே அடிச்ச ஷாட் கையில பட்டு பெனால்டி கொடுத்தது யாரு? மொன்டியேல். அவரும் ரைட் பேக். மேட்ச் 3-3, பெனால்டி ஷூட் அவுட். கார்டிஃப்லயும் 3-3, பெனால்டி ஷூட் அவுட், அங்க ஸ்கலோனி பெனால்டி எடுத்த நாலு பேர்ல இல்ல. இங்க நாலாவது பெனால்டி, போட்டா வேர்ல்ட் கப்புன்னு இருக்குறப்போ நடந்து வந்தது அதே மொன்டியேல். போட்டுட்டு ஜெர்சியை கழட்டி முகத்தை மூடிக்கிட்டு அழுதாரு.

அவர் நடுக்கோட்டுல இருந்து பந்துகிட்ட நடந்து போன அந்த நேரத்துல ஸ்கலோனி முகத்தை கேமரா காட்டுச்சான்னு எவ்ளோ யோசிச்சும் ஞாபகம் வரல. யார்கிட்டயாச்சும் முழு மேட்ச் ரெக்கார்டிங் இருந்தா அந்த இடத்தை மட்டும் பார்த்து சொல்லுங்களேன்.