புதுப்பிப்பு: மாமல்லபுரத்தில் மதில் சுவரை உயர்த்துவது குறித்து

பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திற்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டின் ஐந்தடி மதிலை ஏழடியாக்கலாமா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

உயர்த்த இயலாது. நான் கோயில் சுவரிலிருந்து அளந்து 110 மீட்டர் என நம்பியிருந்தேன். ஆனால் பழங்கால நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்கும் மத்திய சட்டத்தின் 2010 திருத்தத்தின்படி, நண்பர் ஒருவர் இங்கே சுட்டிக்காட்டியது போலவே, பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்துதான் அளக்க வேண்டும். அவ்வாறு அளந்தபோது 84 மீட்டரே வந்தது. முதல் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி, அங்கே அனுமதி பெற்றுப் புதிதாகக் கட்டலாம்.

பழுதுபார்க்க விண்ணப்பிக்கலாம் என்ற மற்றொருவரின் யோசனையே கைகொடுத்தது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டுமானம் என்பதற்கு, ஓரம் கரையான் அரித்திருந்த அப்பாவின் 1987 வீட்டுவரி ரசீதை இணைத்தேன். ஏறத்தாழ மூன்று மாதங்களில் அனுமதி கிடைத்தது.

நான் எதிர்பாராதது ஒன்று: சுவரை இடித்துவிட்டு அதே உயரத்தில் எழுப்பினாலும் அது மறுகட்டுமானமாகிவிடும், தடைசெய்யப்பட்ட பகுதியில் அதற்கு இடமில்லை. ஆகவே தயவுசெய்து அனுமதிக்கு முன் ஒரு செங்கல்லையும் பெயர்க்காதீர்கள். நாங்கள் விரிசல்களை அடைத்து, உப்புக்காற்றில் உதிர்ந்த பூச்சை மட்டும் புதுப்பித்தோம்.