கொண்டுவிக்கப் (கடல் கடந்து வணிகம் செய்யப்) போனவர்கள் எந்த விதிப்படி இந்தியக் குடிமக்கள்?

காரைக்குடியான்:
அரசமைப்பின் முகவுரையில் 1949 நவம்பர் 26 என்று தேதி. குடியரசு நாளோ ஜனவரி 26. 'இந்திய மக்களாகிய நாம்' என்றபோது, ரங்கூனிலும் பினாங்கிலும் பெட்டியடியில் (கடைக் கல்லாவில்) உட்கார்ந்திருந்த நம்மூர் ஆட்கள் அந்த 'நாம்' கணக்கில் உண்டா? எந்தப் பிரிவு?

பழைய_ஏடு:
உண்டு தம்பி. ஆனால் எல்லாரும் ஒரே வாசலில் நுழையவில்லை. (அரசமைப்பில் இருப்பது 'உறுப்பு', 'பிரிவு' மற்ற சட்டங்களுக்கு.)

குடியுரிமை பற்றிய 5 முதல் 9 வரையுள்ள உறுப்புகள் நவம்பர் 26 அன்றே அமலுக்கு வந்துவிட்டன. 394ஆம் உறுப்பைப் பாருங்கள். மற்றதில் பெரும்பகுதிதான் 1950 ஜனவரி 26க்குக் காத்திருந்தது.

மூன்று வருஷக் கணக்குக்கு (வேலைத் தவணைக்கு) போய்த் திரும்பும் எண்ணத்தோடு இருந்தவருக்கு, வீடும் குடும்பமும் இங்கே இருந்தால், நிலையான வாழிடம் இந்தியாதான். பிறப்பும் இங்கே என்றால் 5ஆம் உறுப்பே போதும். அங்கேயே தங்கிவிட்டவருக்கு 8ஆம் உறுப்பு: தானோ, பெற்றோரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியில் ஒருவரோ இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும், கூடவே அந்நாட்டு இந்தியத் தூதரகத்தில் மனுக்கொடுத்துப் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் 8 தானாக வராது.

தேவகோட்டை_ஆச்சி:
பலரும் சறுக்குவது அந்த 'இந்தியா' என்ற சொல்லில். 8ஆம் உறுப்பு 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் வரையறையை எடுத்துக்கொள்கிறது. 1937 ஏப்ரல் 1இல் பர்மா பிரிந்துவிட்டதால் அதில் பர்மா கிடையாது. 1930இல் ரங்கூனில் பிறந்த பிள்ளை அன்றைக்குப் பிரிட்டிஷ் இந்தியாவில்தான் பிறந்தது. இருந்தும் அந்தப் பிறப்பு செல்லாது. அப்பாவோ அய்யாவோ (அப்பாவின் அப்பா) இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும்.

காரைக்குடியான்:
அய்யா பிறந்தது ராயவரம், புதுக்கோட்டை சமஸ்தானம். அது சிக்கலா ஆச்சி?

தேவகோட்டை_ஆச்சி:
இல்லை. அதே 1935 வரையறையில் சமஸ்தானங்களும் அடக்கம். 1948இல் புதுக்கோட்டை இந்தியாவோடு இணைந்ததற்கு முந்திய பிறப்பும் செல்லும்.

பழைய_ஏடு:
பெட்டகத்தில் தூதரகப் பதிவுச் சான்று கிடைத்தால் தேதியைப் பாருங்கள். 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்த 1955 டிசம்பர் 30க்குப் பிந்தியதானால், அந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் பதிந்ததாக இருக்கலாம். குடும்பத்தின் இலங்கைக் கிளையில் யாராவது அந்நாட்டின் 1949 குடியுரிமைச் சட்டப்படி அங்கே மனுப்போட்டுக் குடியுரிமை வாங்கினார்களா என்றும் விசாரியுங்கள். விரும்பி அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவருக்கு இங்கே இல்லை. அரசமைப்பின் 9ஆம் உறுப்பும் 1955 சட்டத்தின் 9ஆம் பிரிவும் சொல்வது அதைத்தான்.