ஓபி வேப்பமரத்தடில ஆரம்பிச்ச பழக்கம், இதை ஒரு குரூப்பா நடத்தலாமா? அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க

காவிரிப்பாலம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் எழுதுறேன். எனக்கு 36 வயசு, திருச்சி. பைபோலார்னு, அதாவது மனசு ஒரேயடியா ஏறி இறங்கற நோய்னு தெரிஞ்சு ஏழு வருஷம் ஆச்சு, ரெண்டு தடவ அட்மிட் ஆயிருக்கேன், கடைசியா 2021ல. இப்ப அதுக்கு லித்தியம் மாத்திரை எடுத்துக்கறேன், ஒரு ஹார்டுவேர் கடைல பில் போடற வேலை, வீட்டுல மனைவி, ஒரு பொண்ணு.

மாசாமாசம் ஜிஹெச்சுக்கு போகும்போது அதே கிழமைல வர்ற நாலு பேர் பழக்கமாயிட்டாங்க. டோக்கன் போட்டுட்டு வெளிய வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சுல உக்காந்திருப்போம். முதல்ல "இன்னைக்கு எந்த டாக்டர், மாத்திரை ஸ்டாக் வந்துருச்சாமா"ன்னுதான் பேச்சு. அதுல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருக்காரு, ஸ்கிஸோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்), முப்பது வருஷமா மாத்திரை சாப்பிடறவர். எனக்கு லித்தியத்தால கை நடுங்கும், டீ கிளாஸ் நிறைய இருந்தா சட்டைல சிந்திடும், அதனாலயே வெளிய டீ குடிக்கறத விட்டுட்டேன். ஒருநாள் அவரு எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வந்தாரு. எனக்கு மட்டும் பாதி கிளாஸ், மீதிப் பாதி இன்னொரு கிளாஸ்ல பக்கத்துல. ஒண்ணும் சொல்லல, என் கையப் பாக்கவும் இல்ல. வீட்டுல ஏழு வருஷமா "ஏன் கை நடுங்குது, டாக்டர்ட்ட சொன்னியா"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, பாசத்துலதான் கேக்குறாங்க, ஆனா அன்னைக்கு பஸ்ல திரும்பி வரும்போது நான் அழுதுட்டேன்.

இப்ப வாத்தியார் மாசத்துல ஒரு ஞாயிறு வெளிய எங்கயாச்சும் உக்காந்து பேசலாம்ங்கறாரு. எனக்கு ஆசையா இருக்கு, பயமாவும் இருக்கு. என் மனைவி "நோயப் பத்தியே பேசிட்டு இருந்தா திரும்ப வந்துடாதா, அவங்க கஷ்டத்தையும் நீங்க ஏன் தூக்கணும்"ங்கறாங்க, அவங்க பட்டதுக்கு அப்படி நினைக்கறதுல தப்பில்ல. இன்னொண்ணு, அந்த நாலு பேர்ல ஒருத்தர் மூணு மாசமா மாத்திரைய வாங்கிட்டுப் போய் பீரோல வைக்கிறாராம், "சூப்பரா இருக்கேன், தூக்கமே தேவைப்படல"ன்னாரு. எனக்கு வயித்த என்னமோ பண்ணுச்சு, ஏன்னா 2021ல நானும் இதே வார்த்தையத்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அவர்ட்ட என்ன பேசறது? எங்க உக்கார்றது, என்ன கட்டுப்பாடு வச்சுக்கறது? யாராவது நடத்தியிருந்தா சொல்லுங்க.

வைகைக்கரை அக்கா:

தம்பி, பாதி கிளாஸ் டீயப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நீ கேக்குற குரூப் அங்கயே ஆரம்பிச்சாச்சுப்பா, இனிமே இடமும் நேரமும்தான் பாக்கணும்.

எனக்கும் ஸ்கிஸோஃப்ரினியாதான், 41 வயசு, மதுரை. நாங்க 2017லேர்ந்து கூடறோம், அஞ்சு பேரா ஆரம்பிச்சோம், இப்ப எட்டு ஒம்போது பேர் வருவாங்க. முதல்ல பார்க்ல உக்காந்தோம், அது நாங்க பண்ண தப்பு. ரெண்டாவது மாசமே ஒரு பொண்ணோட மாமியார் வாக்கிங் வந்தவங்க பாத்துட்டாங்க, அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் வரவே இல்ல, இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது உறுத்துது. அப்புறம் தெரிஞ்சவங்க டியூஷன் சென்டர் மாடில ஞாயித்துக்கிழமை காலைல சும்மாதான் கெடக்குதுன்னு குடுத்தாங்க. படியேறிப் போறவங்கள யாரு பாத்தாலும் பிள்ளைக்கு டியூஷன் விசாரிக்கப் போறாங்கன்னுதான் நினைப்பாங்க. அந்த மாதிரி இடமாப் பாரு. கோயில் மண்டபம், பார்க், ஹோட்டல் வேணாம்.

நோயப் பத்தியே பேசுவோமான்னு உன் வீட்டம்மா கேக்குறாங்கல்ல, போன மாசம் நாங்க என்ன பேசினோம்னு சொல்றேன். ஒரு பையனுக்கு இன்டர்வியூ, நடுவுல ரெண்டு வருஷம் என்ன பண்ணீங்கன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு முக்கால் மணி நேரம். ஒரு தங்கச்சிக்கு ஒலான்ஸபின் மாத்திரைல 14 கிலோ ஏறிடுச்சு, கல்யாணப் பட்டுக்கு தச்ச ஜாக்கெட் ஒண்ணும் பத்தல, அத வச்சு அழுதா. இன்னொருத்தருக்கு ராத்திரி மாத்திரை போட்டா காலைல எட்டு மணிக்கு முன்னாடி எந்திரிக்க முடியல, வீட்டுல சோம்பேறிங்கறாங்க. இதெல்லாம் டாக்டர்ட்ட சொல்ல எங்க நேரம் இருக்கு, அவருக்கு வெளிய எம்பது பேர் நிக்கிறாங்க. வீட்டுல சொன்னா பயந்துடறாங்க. இத இறக்கி வைக்க ஒரு இடம் வேணும்ல.

கட்டுப்பாடுன்னு பெருசா இல்ல, ஆனா இருக்கறதுல நாங்க கறாரா இருப்போம். மாத்திரைய நிறுத்து, குறை, மாத்துன்னு யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது, எனக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லலாம். ஒருத்தர் பேசி முடிச்சதும் "யோசனை சொல்லணுமா, கேட்டா மட்டும் போதுமா"ன்னு அவங்களையே கேப்போம், முக்காவாசிப் பேர் கேட்டா போதும்னுதான் சொல்லுவாங்க. கடன் குடுக்கல் வாங்கல் கிடையவே கிடையாது, ஒரு 3000 ரூவாயால ஒரு நல்ல சிநேகிதம் போச்சு எங்களுக்கு. இங்க பேசினது வெளிய போகாது, ஆனா ஒருத்தர் உயிருக்கு ஆபத்துன்னா அந்த ரகசியம் செல்லாதுன்னு முதல் நாளே எல்லார்ட்டயும் சொல்லிடணும், அப்புறம் சொன்னா துரோகம் பண்ண மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணும் செய்யுங்க. எங்ககிட்ட ஒரு 80 பக்க நோட்டு இருக்கு. அவங்கவங்களுக்கு மறுபடி வர்றதுக்கு முன்னாடி என்ன தெரியும், அப்ப யாருக்கு ஃபோன் பண்ணணும்னு அவங்கவங்க கையெழுத்துலயே எழுதியிருப்பாங்க. என் பக்கத்துல "குழாயத் தொறந்தா தண்ணிச் சத்தத்துல என் பேர் கேக்கும், ஜன்னல் எல்லாத்தையும் மூட ஆரம்பிப்பேன்"னு இருக்கும். 2020 லாக்டவுன்ல வீடியோ கால்ல பேசிட்டு இருக்கும்போது ஒரு தம்பி "அக்கா, பகல் பதினோரு மணிக்கு உங்க வீடு ஏன் இருட்டா இருக்கு"ன்னு கேட்டான். எனக்கே அப்பதான் உறைச்சுது. மறுநாளே டாக்டர்ட்ட பேசினேன், மருந்த சரி பண்ணாங்க, அட்மிஷன் இல்லாம போச்சு. என் வீட்டுக்காரரு பக்கத்துலயேதான் இருந்தாரு, வெயிலுக்காக மூடறேன்னு நினைச்சிருக்காரு, அவரக் குத்தம் சொல்ல மாட்டேன்.

அந்த பீரோ அண்ணன்ட்ட வாதாடாத. மாத்திரை நல்லது கெட்டதுன்னு லெக்சர் எடுத்தா நாளைலேர்ந்து உன்ட்டயும் மறைப்பாரு. "அண்ணே, 2021ல நானும் தூக்கம் தேவைப்படலன்னுதான் சொன்னேன், அடுத்த மாசம் எனக்கு இப்படி ஆச்சு"ன்னு உன் கதையச் சொல்லு. எதனால நிறுத்தினாருன்னு கேளு. பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படற காரணமா இருக்கும். அதை டாக்டர்ட்ட சொல்லத் துணைக்கு வர்றேன்னு சொல்லு.

தம்பியா பேசறேன்:

நான் நோயாளி இல்ல, எங்க அக்கா. அதனால இந்த அண்ணாவோட மனைவிக்காக எழுதறேன், அவங்க பயம் எனக்கு நல்லாத் தெரியும்.

சென்னைல நாங்க. அக்காவுக்கு முடியாம வந்தப்ப நான் காலேஜ், பத்து வருஷம் எங்க வீட்டுல நாங்க யாரோடயும் பேசினதில்ல, கல்யாணங்களுக்குப் போனதில்ல. மருந்தோட குடும்பத்தையும் சேத்துப் பாக்கணும்னு இங்க ரொம்ப முன்னாடியே சொன்னவங்க டாக்டர் சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961லேர்ந்து 1978 வரைக்கும் தலைமையா இருந்தவங்க, 1984ல ஸ்கார்ஃப்ங்கற ஸ்கிஸோஃப்ரினியா அமைப்ப ஆரம்பிச்சவங்க, 2021 டிசம்பர்ல தவறிட்டாங்க. அவங்க மாதிரி ஆளுங்க போட்ட வழியிலதான் எங்க வீடு எந்திரிச்சுது. ஒரு குடும்பத்தார் கூட்டத்துல போய் உக்காந்தப்பதான் எங்கம்மா முதல் தடவையா இன்னொரு அம்மாட்ட "உங்க பொண்ணும் குளிக்க மாட்டேங்குமா"ன்னு கேட்டாங்க. வீட்டுக்கு வந்து அன்னைக்கு நல்லாத் தூங்கினாங்க.

அக்கா அவங்களுக்கான குரூப்புக்குப் போக ஆரம்பிச்சு நாலாவது மாசம்னு நினைக்கிறேன், அது வரைக்கும் தட்டத் தூக்கிட்டு ரூமுக்குப் போய் தனியாத்தான் சாப்பிடும். ஒருநாள் சமையக்கட்டுல வந்து உக்காந்து பீன்ஸ் ஆய ஆரம்பிச்சுது. யாரும் ஒண்ணும் கேக்கல, அம்மா கத்திய மட்டும் நகத்தி வச்சாங்க. அதனால அண்ணிட்ட சொல்லுங்க, குரூப்புக்குள்ள அவங்க வரவேணாம், அது உங்க இடம். ஆனா அங்க வர்றவங்களோட வீட்டுக்காரங்க ரெண்டு பேர் நம்பர வாங்கிக் குடுங்க. அவங்களுக்கும் ஒரு ஆள் வேணும்.

பெயர் வேண்டாம்:

நான் வேற மாதிரி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு குரூப்ல ஒரு வருஷம் இருந்துட்டு வெளிய வந்துட்டேன். அதுல ஒருத்தர் மட்டுமே ரெண்டு மணி நேரமும் பேசுவாரு, சாகணும்னு தோணுதுன்னு என்கிட்ட ராத்திரி ஒரு மணிக்கு ஃபோன் பண்ணுவாரு, எனக்கு டிப்ரஷன், எனக்கே தூக்கம் கெட்டுப் போய் நானும் விழுந்துட்டேன். எடுக்கலன்னா குத்த உணர்ச்சி, எடுத்தா நான் காலி. குரூப் மேல எனக்கு இன்னும் மரியாதை இருக்கு, ஆனா ராத்திரி நேரத்துக்கு யாரு பொறுப்புன்னு முதல்லயே பேசிக்கோங்க, முடியாத மாசம் வராம இருக்கறதுக்கும் உரிமை வேணும், ஏன் வரலன்னு யாரும் விசாரிக்கக் கூடாது.

களப்பணி:

மேல எழுதினவங்க சொன்னது ரொம்ப முக்கியம். நான் எம்எஸ்டபிள்யூ முடிச்சு மனநல சமூகப் பணில இருக்கேன். அந்த ராத்திரி ஃபோனுக்குத்தான் 14416, டெலி மானஸ்ங்கற அரசோட மனநல உதவி நம்பர், 2022 அக்டோபர் 10 லேர்ந்து ஓடுது, 24 மணி நேரமும், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். குரூப்ல எல்லார் ஃபோன்லயும் அந்த நம்பர சேவ் பண்ண வைங்க. "நான் உன்கூட இருக்கேன், ஆனா இப்ப இந்த நம்பருக்கு அடி, காலைல நான் பேசறேன்"னு சொல்றது கைவிடறது இல்ல.

அக்கா சொன்ன நோட்டு இருக்கே, அதுக்குச் சட்டத்துலயே ஒரு உருவம் இருக்கு. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 (2018 மே மாசத்துலேர்ந்து அமல்ல இருக்கு), அதுல பிரிவு 5 படி 18 வயசு தாண்டின யாரும், எனக்கு முடியாம போனா எப்படி சிகிச்சை குடுக்கணும், எப்படிக் குடுக்கக் கூடாதுன்னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பிரிவு 14 படி உங்க சார்பா பேச ஒரு ஆளையும் நியமிக்கலாம், சொந்தக்காரராத்தான் இருக்கணும்னு இல்ல. அவசர சிகிச்சைக்கு முன்கூட்டி எழுதினது பொருந்தாது, அதையும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. நல்லா இருக்கற ஒரு ஞாயித்துக்கிழமை குரூப்பா உக்காந்து எழுதறதுக்கு இத விட நல்ல விஷயம் இல்ல, ஏன்னா தனியா உக்காந்தா யாருக்கும் எழுத மனசு வராது.

மாற்றுத்திறனாளி அட்டையும் அப்படித்தான். 2016 சட்டத்துல 21 வகைல மனநோயும் ஒண்ணு, பாதிப்பு 40 சதவீதம் இருந்தா சலுகைகள் கிடைக்கும். மதிப்பிடறவங்க நீங்களே குளிச்சு சாப்பிடறீங்களா, ஆளுங்களோட பழகறீங்களா, பேசறது புரியுதா, வேலை பாக்க முடியுதா, எத்தன வருஷமா இப்படின்னு கேப்பாங்க. நம்மாளுங்க மானம் போயிடும்னு எல்லாத்துக்கும் "நல்லாருக்கேன் சார்"னு சொல்லிட்டு வந்துடறாங்க. ஏற்கனவே வாங்கின ஒருத்தர் கூடப் போனா உள்ளத உள்ளபடி சொல்லுவாங்க. கூட உக்கார்றத விட பல நேரம் கூடப் போறதுதான் பெரிய உதவி.

இது பெரிய நிறுவனம் மட்டும் செய்யற வேலைன்னும் நினைக்காதீங்க. 1993ல சென்னைல தி பான்யன்ங்கற மனநல அமைப்ப, தெருவுல இருந்த மனநோய் வந்த பெண்களுக்காக ரெண்டே ரெண்டு பேர்தான் ஆரம்பிச்சாங்க. வருஷக்கணக்கா விடுதிலயே இருந்தவங்க நாலஞ்சு பேரா சேந்து சாதாரண வாடகை வீட்டுல குடியிருக்கற அவங்களோட ஹோம் அகெய்ன் திட்டத்த 2021ல உலக சுகாதார நிறுவனமே நல்ல மாதிரின்னு அதோட வழிகாட்டில எடுத்துப் போட்டுச்சு.

காவிரிப்பாலம்:

எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிலையும் மனைவியோட சேந்து படிச்சேன். பீன்ஸ் ஆஞ்சதப் படிச்சிட்டு அவங்க ஒண்ணும் பேசல, அப்புறமா "அந்த அக்காங்க நம்பர் கிடைக்குமா"ன்னு கேட்டாங்க.

போன ஞாயிறு கூடினோம். வாத்தியாரோட பழைய மாணவர் ஒருத்தர் ஜெராக்ஸ் கடை வச்சிருக்காரு, ஞாயிறு கடை லீவு, பின்னாடி ரூம். மூணு பேர்தான் வந்தோம். முதல் அரை மணி நேரம் மின்விசிறி சத்தம் மட்டும்தான், யாருக்கும் எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. அப்புறம் வாத்தியார் வெயில்ல தண்ணி குறைச்சலா குடிச்சா லித்தியம் அளவு ரத்தத்துல ஏறும், கடைல பாட்டில் வச்சிருக்கியான்னு கேட்டாரு, அங்கேர்ந்து பேச்சு ஓடிருச்சு. நோட்டு வாங்கியாச்சு, என் பக்கத்துல முதல் வரியா "தூக்கம் தேவைப்படலன்னு சொல்லுவேன்"னு எழுதியிருக்கேன்.

பீரோ அண்ணன் கூட்டத்துக்கு வரல. ஃபோன் பண்ணி என் 2021 கதைய முழுசாச் சொன்னேன், பொண்ணு முன்னாடி நடந்தது வரைக்கும். ரொம்ப நேரம் அமைதியா இருந்துட்டு, மாத்திரையால தாம்பத்தியத்துல பிரச்சினை, லேடி டாக்டர்ட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் விட்டேன்னாரு. அக்கா சொன்னது அப்படியே சரி. ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்துடலாம், வாயால சொல்லவேணாம்னு பேசி வச்சிருக்கோம். செவ்வாய்க்கிழமை ரெண்டு பேரும் சேந்து போறோம், டோக்கனுக்கு ஏழு மணிக்கே நிக்கணும், நான் போய் போட்டு வைக்கிறேன்னு சொல்லியிருக்கேன்.