பழைய மேக்ரோ லென்ஸ்: ஃபிலிமுக்கும் ஸ்கேனுக்கும் ஒன்றே போதுமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

செம்பவாங்கிலிருந்து:

அப்பா சிங்கப்பூர் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் எடுத்த நெகட்டிவ்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. பாதிக்கு மேல் கறுப்பு வெள்ளை. மாரியம்மன் கோயில் தீமிதி, பட்டறைக் கூட்டாளிகள், அம்மா கல்யாணமாகி ஊரிலிருந்து வந்து இறங்கிய நாள். முதல் இரண்டு சுருளைக் கடையில் கொடுத்து ஸ்கேன் செய்தேன். மனசுக்கு ஒப்பவில்லை. முகங்களில் இருந்த சாம்பல் நிறமெல்லாம் வெளிறிப் போயிருந்தது. மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில், மிக நெருக்கத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் மாட்டி நானே நகலெடுப்பது என்று இறங்கினேன். அதே லென்ஸ் என் நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமராவுக்கும் உதவ வேண்டும் என்று ஓர் ஆசை.

தேடிப் பிடித்தது மைக்ரோ-நிக்கோர் 55 எம்எம் எஃப்/2.8. இந்த வரிசையின் மூத்த லென்ஸ் 1956-இல் வந்தது. ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் படியெடுப்பதற்காகவே அதைச் செய்தார்கள். நெருக்கமான ஜப்பானியக் காஞ்ஜி எழுத்துகள் தாளின் ஓரத்திலும் பிசகாமல் விழ வேண்டும் என்பதுதான் தேவை. நெகட்டிவும் தட்டையான பொருள்தானே? சாதாரண 50 எம்எம் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே நீட்டு வளையம் போட்டு முதலில் முயன்று பார்த்தேன். நடு கூர்மையாக இருந்தது, நாலு மூலையும் குழைந்துவிட்டது.

பெனின்சுலா பிளாசா பக்கம் மூன்று சனிக்கிழமை அலைந்து 180 வெள்ளிக்கு வாங்கினேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. இது தனியாக 1:2 வரைதான் போகும், அதாவது சென்சாரில் பொருளின் பாதி அளவு விழும். 27.5 எம்எம் நீட்டு வளையம் சேர்த்தால் 1:1, முழு அளவு. என் ஃபுல் ஃப்ரேம் சென்சாரும் ஃபிலிமும் 36க்கு 24 எம்எம் என்பதால் 1:1 எனக்குக் கட்டாயம். அந்த நெருக்கத்தில் எஃப்/8 என்று திருப்பினால் உண்மையில் எஃப்/16 போல வேலை செய்யும், கூர்மை மழுங்கும். அதனால் 5.6-இல் வைத்து எடுத்தேன். ஒரு மாதம் ஒரு குறையும் இல்லை.

பிறகு எஃப்எம்2-வில் மாட்டி, ஸ்லைடு ஃபிலிம் போட்டு, பூமலை தாவரவியல் பூங்காவில் ஆர்கிட் எடுக்கப் போனேன். கழுவி வந்த 36 படத்தில் முப்பதுக்கு மேல் வெளுத்துப் போய்விட்டன. அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. காரணம், லென்ஸுக்குள் ஒளித்துளையைச் சுருக்கும் அப்பெர்ச்சர் இதழ்களில் கசிந்திருந்த எண்ணெய். 55/2.8-க்கு இது பேர்போன வியாதி என்று பிறகுதான் தெரிந்தது. ஃபிலிம் கேமராவில் பட்டனை அழுத்தும் அந்த நொடிக்குள் இதழ்கள் மூடியாக வேண்டும். எண்ணெய் பிடித்தால் சோம்பும், வெளிச்சம் கூடுதலாக நுழையும். ஸ்கேன் செய்யும்போது, லென்ஸை மிரர்லெஸ்ஸில் பொருத்தும் அடாப்டரில் இதழ்கள் முன்கூட்டியே மூடி நிற்பதால் குறை வெளியே தெரியவே இல்லை.

வாங்குகிறவர்கள் அப்பெர்ச்சர் வளையத்தை 22-இல் வைத்து, பின்பக்கமுள்ள சின்ன நெம்புகோலை விரலால் தள்ளி விடுங்கள். இதழ்கள் சட்டென்று திரும்ப வேண்டும். நான் கண்ணாடியை மட்டும் பார்த்தேன். உங்களுக்கு என்ன நடந்தது?

தெம்பனிஸிலிருந்து:

அண்ணே, எனக்குக் கண்ணாடியே காலை வாரியது. இணையத்தில் பார்த்து டாம்ரான் எஸ்பி 90 எம்எம் எஃப்/2.5 வாங்கினேன். எம்ஆர்டி ரயில் நிலைய நுழைவாயிலில் கைமாற்று. அந்த வெளிச்சத்தில் எல்லாம் சுத்தமாகத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்தால், உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை! நம் ஊரில் விடியற்காலை ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். ஒரு லென்ஸ் துணி அலமாரியில் சில வருஷம் சும்மா கிடந்தால் வேறு என்ன ஆகும்? சுத்தம் செய்து தந்தார்கள், ஆனால் கண்ணாடியின் மேல்பூச்சைப் பூஞ்சை அரித்த தடம் போகவில்லை.

வெளியில் எடுக்கும்போது அந்தத் தடம் தெரிவதே இல்லை. ஸ்கேனில்தான் தெரிகிறது. ஃபிலிமுக்குப் பின்னால் இருக்கும் விளக்குப் பலகை நேராக லென்ஸுக்குள் ஒளியைக் கொட்டுவதால் கறுப்பெல்லாம் புகை படிந்தது போலாகிறது. கறுப்பு அட்டையில் ஃபிலிம் அளவுக்கு ஓட்டை வெட்டி, மீதி வெளிச்சத்தை மறைத்தேன். பெரிய வித்தியாசம். நல்ல லென்ஸ் வைத்திருப்பவர்களும் இதைச் செய்யுங்கள், தயவு செய்து.

இப்போது அந்த 90 வண்ணத்துப்பூச்சிக்குத்தான் போகிறது. எட்டி நின்று எடுக்கலாம், பூச்சி மிரளாது. வீட்டில் எல்லாமே ஈரத்தைக் குறைக்கும் ட்ரை கேபினட்டில், 45 சதவீதத்தில்.

ஜூரோங்கிலிருந்து:

1:1 என்றால்தான் ஸ்கேன் என்று யாரும் பயப்பட வேண்டாம். என்னுடையது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் வகைக் கேமரா, சென்சார் சின்னது, 17.3க்கு 13 எம்எம். வெறும் 1:2-இல் 35 எம்எம் ஃபிலிம் ஏறக்குறைய முழுதாக நிறைந்துவிடுகிறது, அகலத்தில் ஒரு நூல் வெட்டுப்படும், அவ்வளவுதான். கேனான் எஃப்டி 50 எம்எம் எஃப்/3.5 மேக்ரோ, வளையம் இல்லாமலே ஓடுகிறது. அண்ணனுடைய ஃபுல் ஃப்ரேமில்கூட 6x6 செ.மீ. பெரிய நெகட்டிவுக்கு 1:2 வரை போகும் லென்ஸே தாராளம். முதலில் சென்சாரை அளந்துவிட்டு லென்ஸ் தேடுங்கள்.

இன்னொன்று. மூலை குழைந்தால் உடனே லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். ஃபிலிம் இருக்கும் இடத்தில் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, கேமராவில் லென்ஸின் சொந்த பிம்பம் நட்ட நடுவில் வரும்வரை சரிசெய்யுங்கள். எனக்குப் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்தது.

தோ பாயோவிலிருந்து:

நான் அறுபதைத் தாண்டியவன். குளியலறையை இருட்டாக்கிப் படம் கழுவிய ஆள். நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜரில் இருந்த எல்-நிக்கோர் 50 எம்எம் எஃப்/2.8-ஐக் கழற்றி, துருத்தி போல நீளும் பெல்லோஸில் மாட்டித்தான் ஸ்கேன் செய்கிறேன். பெல்லோஸ் சுங்கை ரோடு சந்தையில் எப்போதோ வாங்கியது, 2017-இல் அந்தச் சந்தையையும் மூடிவிட்டார்கள். என்லார்ஜர் லென்ஸும் தட்டையான ஃபிலிமுக்காகவே செய்தது, ஓரம் வரை நிற்கும். தம்பி, ஒன்றை ஸ்கேனுக்கும் ஒன்றை வெளியில் எடுக்கவும் வைத்துக்கொண்டால் இந்த மனக்கஷ்டமே இல்லை. இந்தப் பெல்லோஸைத் தூக்கிக்கொண்டு பூமலைக்குப் போக முடியாது என்பதும் உண்மை.

செம்பவாங்கிலிருந்து, மீண்டும்:

எல்லாருக்கும் நன்றி. லென்ஸைப் பிரித்து இதழ்களைத் துடைத்து வாங்கிவிட்டேன், 90 வெள்ளி. இன்னொரு ஸ்லைடு சுருள் போட்டுப் பார்த்தேன், 36-உம் சரியாக வந்தன. ஐயா, நீங்கள் சொன்னது நியாயம்தான். இருந்தாலும் ஒரே லென்ஸில் அப்பாவின் படத்தையும் என் படத்தையும் பார்ப்பதில் எனக்கு ஒரு திருப்தி இருக்கிறது.

தங்கச்சி சொன்ன கறுப்பு அட்டையோடு, அம்மா வந்து இறங்கிய அந்த நெகட்டிவை நேற்று மறுபடி எடுத்தேன். தகரப் பெட்டியில் ஒட்டிய சீட்டில் அம்மாவின் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிறது. கடை ஸ்கேனில் அந்த இடம் ஒரு வெள்ளைப் பொட்டு. டின்னில் இன்னும் பதினோரு சுருள் இருக்கிறது. சுருண்டுபோன ஃபிலிமைத் தட்டையாகப் பிடிக்க எந்த ஹோல்டர் நல்லது என்று யாராவது சொல்லுங்கள்.