டி செல் அனெர்ஜிக்குப் போயிற்றா, செத்துக்கொண்டிருக்கிறதா: எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி:
எலியின் டிஎச்1 செல்களை (நோய் எதிர்ப்பில் உதவும் டி செல்களில் ஒரு வகை) தூண்டி வளர்த்து, ஓய்வுக்கு விட்டு, பிறகு 1 மைக்ரோமோலார் அயனோமைசினில் (செல்லுக்குள் கால்சியத்தை ஏற்றும் வேதிப்பொருள்) 16 மணி நேரம் வைத்தேன். கழுவிவிட்டு ஆன்டி-சிடி3, ஆன்டி-சிடி28 (டி செல் ஏற்பியையும் அதன் துணை ஏற்பியையும் தூண்டும் எதிர்ப்பொருள்கள்) இரண்டும் சேர்த்துத் தூண்டினால் ஐஎல்-2 (டி செல்களைப் பெருக்கும் சமிக்ஞைப் புரதம்) வெகுவாகக் குறைந்திருக்கிறது. இதை அனெர்ஜி (செல் உயிரோடிருந்தும் தூண்டலுக்குப் பதில் தராத நிலை) என்று சொல்லிவிடலாமா?

பதில் 1:
இப்போதே சொல்ல முடியாது. அயனோமைசின் செல்களைக் கொல்லவும் செய்யும். அனெக்சின் வி, 7-ஏஏடி சாயங்களால் (செத்த, செத்துக்கொண்டிருக்கும் செல்களைக் காட்டுபவை) உயிருள்ளவற்றை எண்ணி, அயனோமைசின் இட்ட, இடாத இரு குழுவிலும் அதே எண்ணிக்கையில் இட்டபின் ஐஎல்-2 அளந்து பாருங்கள். பலர் தவறுவது இங்கேதான்.

அடுத்து, ஒரு பகுதியை பிஎம்ஏ (ஏற்பியைத் தாண்டி செல்லின் உள்ளே நேரே சமிக்ஞை தரும் வேதிப்பொருள்), அயனோமைசின் இரண்டாலும் தூண்டுங்கள். ஐஎல்-2 பழையபடி வந்தால் செல்லின் இயந்திரம் பழுதாகவில்லை, அடைப்பு ஏற்பிக்கு அருகில்தான் என்று பொருள். அப்போதும் வரவில்லையென்றால் அனெர்ஜி என்று எழுதாதீர்கள்.

பதில் 2:
பிஎம்ஏ ஏன் வேலை செய்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அயனோமைசின் கால்சியத்தை மட்டும் ஏற்றுகிறது. கால்சினியூரின் என்ற நொதி வழியாக, மரபணுக்களை இயக்கும் என்எஃப்ஏடி என்ற புரதம் கருவுக்குள் போகிறது, ஆனால் துணைக்கு ஏபி-1 என்ற இன்னொரு மரபணு இயக்கி இல்லை. ஐஎல்-2 மரபணுவுக்கு இரண்டும் வேண்டும். தனியே நிற்கும் என்எஃப்ஏடியோ சிபிஎல்-பி, கிரெயில், டிஜிகே-ஆல்ஃபா போன்ற, சமிக்ஞையை அடக்கும் புரதங்களின் அளவை ஏற்றிவிடுகிறது. டிஜிகே-ஆல்ஃபா, ஏற்பியின் சமிக்ஞையைக் கடத்தும் டைஅசைல்கிளிசரால் என்ற கொழுப்பை பாஸ்பாடிடிக் அமிலமாக மாற்றிவிடுவதால், ஏபி-1ஐ எழுப்பும் ராஸ் பாதை எழும்புவதில்லை. பிஎம்ஏ அந்த டைஅசைல்கிளிசராலின் இடத்தில் தானே போய் உட்கார்ந்துகொள்கிறது. டிஜிகே அதைத் தொட முடியாது. உடலுக்குள் சிடி28 சமிக்ஞை இல்லாமல் ஆன்டிஜனை மட்டும் சந்திக்கும் செல்லுக்கும் ஏறக்குறைய இதே கதிதான்.

இன்னொரு கட்டுப்பாடும் அவசியம்: அயனோமைசினுக்கு 30 நிமிடம் முன்பே சைக்ளோஸ்போரின் ஏ (கால்சினியூரினைத் தடுக்கும் மருந்து) சேர்த்த குழு. அதில் அனெர்ஜி வரக்கூடாது. மருந்தை நன்றாகக் கழுவி எடுங்கள். மிச்சமிருந்தால் அதுவே ஐஎல்-2வை அடக்கி, முடிவைத் தலைகீழாக்கிவிடும்.

கேட்டவர்:
பிடி-1 (டி செல்லை அடக்கும் தடை ஏற்பி) கூடியிருக்கிறது. அப்படியானால் களைப்புநிலையா?

பதில் 1:
பிடி-1 சாதாரணத் தூண்டலிலேயே ஏறும். அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். களைப்புநிலை என்பது நாள்பட்ட தொற்றிலும் கட்டியிலும், ஆன்டிஜன் விடாமல் தொடரும்போது படிப்படியாக வருவது. களைப்புநிலையை இயக்கும் டாக்ஸ் புரதம் நிலைத்திருக்கும், டிம்-3 போன்ற தடை ஏற்பிகளும் கூடவே இருக்கும். 16 மணி நேரத்தில் அது உருவாகாது.

பதில் 2:
செல்களை ஐஎல்-2வில் சில நாள் பெருக்கி, கழுவி, மறுபடி தூண்டிப் பாருங்கள். பதில்வினை திரும்பினால் அனெர்ஜிக்கு அது வலுவான சான்று.