போன் கேமரா வீட்டுப் படத்துக்குப் போதுமா? உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

வைகைக்கரை:

போன மாசியில் எங்கள் அப்பத்தா தவறிப்போனார். வயது 86. பதினாறாம் நாள் காரியத்துக்குள் மாலை போடுவதற்கு ஒரு படத்தைச் சட்டம் போட்டு வைக்கணும் என்றார் அப்பா. பெரியப்பா வீடு, அத்தை வீடு எல்லாம் சேர்த்து எங்கள் சொந்தத்தில் 11 ஸ்மார்ட்போன் இருக்கிறது. இரண்டு நாள் உட்கார்ந்து தேடினோம். அப்பத்தா இருக்கும் படங்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்தன. ஒன்றில் பாதி முகம். இன்னொன்றில் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வெயில், முகம் நிழலாகக் கிடக்கிறது. பலவற்றில் யாரோ ஒருவர் செல்ஃபி எடுக்க, ஓரத்தில் அப்பத்தா அகப்பட்டிருக்கிறார். அவரை எடுக்கணும் என்று நினைத்து எடுத்த படம் ஒன்றே ஒன்றுதான்.

அது மூன்று வருடத்துக்கு முந்தைய பொங்கலன்று அத்தை மகள் வாசலில் வைத்து எடுத்தது. நல்ல காலை வெளிச்சம். அவள் போன் மாற்றியபோது மூலப் படம் போய்விட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த பிரதி மட்டும் மிச்சம். ஸ்டூடியோக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார். அகலம் 1200 புள்ளி (பிக்சல்), உயரம் 1600 புள்ளி. நாங்கள் கேட்டது 12-க்கு 18 அங்குலம். "அங்குலத்துக்கு 90 புள்ளிகூட தேறாது தம்பி, 300 இருந்தாத்தான் பக்கத்துல நின்னு பாக்க நல்லா இருக்கும்" என்றார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்போம். படத்தைப் பெரிதாக்கியபோதுதான் முகத்தைக் கவனித்தோம். அப்பத்தா முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. போனில் பியூட்டி மோட் தானாகவே ஓடியிருக்கிறது. முன்கையில் பச்சை குத்தியது தெளிவாக இருக்கிறது. தண்டட்டி போட்டு இழுத்த காது அப்படியே இருக்கிறது. நடுவில் முகம் மட்டும் மெழுகு பூசினாற்போல். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது எங்க ஆத்தா இல்லப்பா" என்று எழுந்து போய்விட்டார்.

கடைசியில் 1994-ல் நடந்த சித்தப்பா கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கினோம். அதில் அப்பத்தாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அந்த முகம் தெரியாது. "இது யாரு?" என்று கேட்கிறார்கள்.

ஒரு கேமரா வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன் உங்களைக் கேட்கிறேன். எந்த மாடல், எத்தனை மெகாபிக்சல் என்பதெல்லாம் வேண்டாம். உங்கள் வீட்டில் போன் எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது? நடந்ததைச் சொல்லுங்கள்.

பிரிண்ட்டு அண்ணாச்சி:

தம்பி, உங்க அப்பா சொன்ன வார்த்தை மனசை என்னமோ பண்ணிருச்சு. 22 வருசமா ஸ்டூடியோவும் பிரிண்ட்டுக் கடையும் வச்சிருக்கேன். பதினாறாம் நாளுக்கு முந்தி இப்படிப் போனும் கையுமா வந்து நிக்கிற வீட்டாரை அடிக்கடி பாக்கிறேன்.

கணக்கைச் சொல்லிடறேன். 4-க்கு 6 அங்குலப் பிரிண்ட்டுக்கு 1200-க்கு 1800 புள்ளி போதும், அதாவது 22 லட்சத்துக்கும் கம்மி. ஏ4 அளவுக்கு 87 லட்சம். இன்னைக்குச் சாதாரண போன்கூட 1 கோடியே 20 லட்சம் புள்ளி தருது. 12-க்கு 18 அங்குலத்துக்கு 300 கணக்குல கொஞ்சம் குறையும். ஆனா சுவத்துல மாட்டித் தள்ளி நின்னு பாக்குற படத்துக்கு அது குறையாத் தெரியாது. உங்க பொங்கல் படத்துல மூலம் மட்டும் இருந்திருந்தா தாராளமாப் போட்டுக் கொடுத்திருப்பேன். வாட்ஸ்அப் சாதாரணமா அனுப்பும்போது படத்தோட நீளப் பக்கத்தை 1600 அளவுக்குச் சுருக்கிடும். 2023-ல ஹெச்டின்னு ஒரு பொத்தான் வந்துச்சு, அதை அமுக்கினா பரவாயில்ல. டாக்குமென்ட்டா அனுப்பினா எடுத்தது எடுத்தபடி வந்து சேரும். கடைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் இதைத்தான் சொல்லி அனுப்புறேன்.

இப்ப ஒரு அனுபவம். போன வருசம் ஒரு பையன், அப்பா அம்மாவோட அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூர்ல வச்சு, முழுக்கத் தன் போன்லயே எடுத்துக்கிட்டு வந்தான். விலை கூடின போன். ஆல்பம் கேட்டான். விரிச்சா 12-க்கு 36 வர்ற ஆல்பம். கோயில் வாசல்ல, கோபுரத்துக்கு முன்னாடி எடுத்ததெல்லாம் அவ்வளவு அழகு. பெரிய கேமராவுல எடுத்ததுன்னு சொன்னா நானே நம்பியிருப்பேன். ஆனா அபிஷேகம்? கலசத் தண்ணி ரெண்டு பேர் தலையிலயும் விழுற நேரம் அது. உள்ளே வெளிச்சம் கம்மி, ஹோமப் புகை வேற. கை அசையுது, தண்ணி அசையுது, அம்மா கண்ணை மூடித் தலையைக் குனியுறாங்க. போன் அந்த இடத்துல ஒரு படத்துக்குப் பல படம் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வச்சுச் சேர்க்கும். ஆடாம அசையாம இருக்கிற பொருளுக்கு அது வரம். அசையுற ஆளுக்கு முகமே இழுவிப்போயிரும். வெளிச்சத்தை வாங்குற சென்சாரோட அளவு அப்படி. ஃபுல் ஃபிரேம்னு சொல்ற பெரிய கேமராவுல 36-க்கு 24 மில்லிமீட்டர். ஒரு அங்குல சென்சார்னு சொல்லி விக்கிற போன்லகூட 13.2-க்கு 8.8-தான். பரப்புல ஏழுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மி.

ஆல்பம் அடுக்கி முடிச்சதுக்கு அப்புறம்தான் இன்னொண்ணு கண்ணுல பட்டுச்சு. 212 படம். ஒண்ணுலயும் அந்தப் பையன் இல்ல. ஒரே மகன். அப்பா அம்மா அறுபதாம் கல்யாணத்துல அவன் இருந்தான்கிறதுக்குச் சாட்சியே இல்ல. அவங்கிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம நின்னான். விசேஷத்துக்கு ஒரு ஆளை வச்சுப் படம் எடுங்கன்னு நான் சொல்றது என் பொழைப்புக்காக மட்டும் இல்ல தம்பி. வீட்டு ஆளு விசேஷத்துல நிக்கணும்.

ஒரு சின்ன விஷயம். விளக்கைச் சுத்திப் புகை மாதிரி, முகமெல்லாம் மங்கலா வருதுன்னு போனைக் கொண்டுவருவாங்க. லென்ஸை ஒரு பருத்தித் துணியில துடைச்சுக் கொடுப்பேன். சரியாயிரும்.

நிலா அம்மா:

பியூட்டி மோட் பற்றிப் படித்ததும் எழுதியே ஆகணும் என்று தோன்றியது.

என் மகளுக்கு ஐந்து வயது. நல்ல கருப்பு நிறம், என் மாமியார் மாதிரி. அவள் முதல் அடி வைத்தது, முதல் மொட்டை, சோற்றை முகமெல்லாம் அப்பிக்கொண்டது எல்லாமே போன் படங்கள்தான். போன் இல்லாவிட்டால் இதில் ஒன்றுகூட இருக்காது. கேமராவை எடுத்து மூடியைக் கழற்றுவதற்குள் அவள் அடுத்த அறைக்குப் போயிருப்பாள். அந்த வகையில் போனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் ஒருநாள் அவள் என் மடியில் உட்கார்ந்து படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவள், "அம்மா, போன்ல மட்டும் நான் ஏன் வெள்ளையா இருக்கேன்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவே உட்கார்ந்து ஒவ்வொரு செட்டிங்காகத் தேடினேன். முன் கேமராவுக்குத் தனியாக, பின் கேமராவுக்குத் தனியாக, போர்ட்ரெய்ட்டுக்குத் தனியாக மூன்று இடத்தில் பியூட்டி இருந்தது. மூன்றையும் சுழியத்துக்குக் கொண்டுவந்தேன். அப்புறமும் கொஞ்சம் வெளுப்பு இருந்தது. கருமையான முகம் படத்தை நிறைத்து நின்றால், இருட்டாக இருக்கிறது என்று கேமரா தானே முடிவு செய்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. முகத்தின் மேல் விரல் வைத்தால் பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு குறி வரும். அதைக் கீழே இழுத்துப் பழகிக்கொண்டேன். இப்போது அவள் நிறம் அவள் நிறமாகவே விழுகிறது.

இது இன்றைக்கு வந்த கோளாறு இல்லை. பிலிம் காலத்தில் பிரிண்ட்டுக் கடைகளுக்கு நிறம் சரிபார்க்கக் கோடாக் அனுப்பிய அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களின் படம்தான் இருந்தது. ஷெர்லி அட்டை என்பார்கள். போன்களில் 2021-ல் கூகுள் தன் பிக்சல் 6-இல் ரியல் டோன் என்று கருமையான நிறங்களைச் சரியாகக் காட்ட முயற்சி எடுத்தது. எல்லோரும் அந்தப் போனை வாங்க முடியாது. சூரியக் குறியைக் கீழே இழுக்க எல்லோராலும் முடியும்.

இரவில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் அவள் ஓடினால் மட்டும் எந்தப் போனிலும் நிற்கவில்லை. அதற்கு வீடியோ எடுத்துவிடுகிறேன்.

கூழைக்கடா:

நான் நாங்குநேரி பக்கம் கூந்தன்குளத்துக்கு வருடா வருடம் போகிறவன். அங்கே ஒரு விசேஷம் உண்டு. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே, வீடுகளுக்கு நடுவில் நிற்கும் மரங்களில் கூடு கட்டும். தெருவில் நின்று தலையைத் தூக்கினால் போதும். அந்தப் படங்களை நான் போனில் எடுத்திருக்கிறேன், நன்றாகவே இருக்கின்றன.

குளத்துப் பக்கம் திரும்பினால் கதை வேறு. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் நடுத் தண்ணீரில் இருக்கும். போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் வாத்து மாதிரி ஒரு கறை வரும். அதைவிட ஆபத்து, தெளிவாக வருவதுபோல வரும். ஒருமுறை கரையோரத்தில் ஒரு சிறிய உள்ளானை உச்ச ஜூமில் எடுத்தேன். மார்பில் அழகாகக் கோடுகள். அரிய பறவை கிடைத்துவிட்டது என்று பதிவும் போட்டேன். என்னைவிட இருபது வருடம் கூடுதலாகப் பறவை பார்த்த ஒரு அண்ணன் கூப்பிட்டு, "அந்தக் கோடு பறவைல இல்லப்பா, போன் போட்டது" என்றார். புள்ளி போதாத இடத்தில் மென்பொருள் தானாக விளிம்புகளைக் கூர்மையாக்கி நிரப்பியிருக்கிறது. மறுநாள் பைனாகுலரில் பார்த்தேன், மார்பில் ஒன்றுமில்லை. பதிவை நீக்கினேன்.

அதன்பிறகு பழைய கேமரா ஒன்றை, தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் 70-300 லென்ஸோடு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். பறவைக்கு மட்டும்தான் அது. என் அம்மாவை இன்றும் போனில்தான் எடுக்கிறேன்.

கல்லெழுத்து:

எனக்கு நேர்ந்தது நேர்மாறு, அதனால் சொல்கிறேன். புதுக்கோட்டை வட்டாரத்தில் கோயில் கல்வெட்டுகளைப் படமெடுத்து வாசிக்கிற சிறு குழு எங்களுடையது. என்னிடம் நல்ல கேமரா இருக்கிறது. ஆனால் கல்வெட்டுக்குப் போனைத்தான் எடுத்துப் போகிறேன்.

ஒரு கோயிலில் அதிட்டானத்தில், அதாவது கட்டடத்தின் அடித்தளத்தில், குமுதம் என்கிற உருண்டைக் கல் வரிசையின் மேல் நீளமான கல்வெட்டு. எதிரே மூன்றடி தள்ளி மதில் சுவர். பெரிய கேமராவோடு உள்ளே நுழையவே இடமில்லை. குமுதம் உருண்டையானது என்பதால், கேமராவில் நடு வரி தெளிந்தால் மேல் வரியும் கீழ் வரியும் மங்கும். போனில் சென்சார் சிறியது, அதனால் மேலிருந்து கீழ் வரை எல்லா வரியும் ஒரே தெளிவில் நிற்கிறது. இரவுப் படத்தில் குறையாக இருக்கும் அதே சிறு அளவு, கல்லுக்கு முன்னால் உதவியாகிறது.

வெளிச்சம்தான் முக்கியம். எழுத்துக்கு நேரே அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். நண்பர் இன்னொரு போனின் டார்ச்சைச் சுவரோடு சுவராகப் பக்கவாட்டில் பிடிப்பார். வெட்டின் பள்ளத்தில் நிழல் விழும், கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் மங்கலச் சொல்லான "ஸ்வஸ்திஸ்ரீ", கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது, எழும்பி வரும். முதன்முறை அதைப் பார்த்தபோது இருவரும் வாய்விட்டுப் படித்தோம். அகலக் கோணத்துக்கு மாற்றாமல் பகுதி பகுதியாக, ஒன்றின் ஓரம் அடுத்ததிலும் வருமாறு எடுங்கள். எழுத்து தெரியவில்லை என்று மாவோ சுண்ணாம்போ தயவுசெய்து தடவாதீர்கள். கல் பாழாகும்.

கடற்காற்று:

சுருக்கமாக. 2016-ல் மகன் பிறந்தபோது கேமரா வாங்கினேன். வீடு திருவான்மியூர் கடற்கரைக்குப் பக்கம். முதல் ஆறு மாதம் எடுத்தேன், அப்புறம் அலமாரிக்குள் போனது. இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தபோது லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. வாங்கினால் வாரம் ஒருமுறையாவது கையில் எடுங்கள், முடியாதென்றால் வாங்காதீர்கள்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. பிரிண்ட்டு அண்ணாச்சி, நீங்கள் சொன்னதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

கேமரா வாங்கவில்லை. நிலா அம்மா சொன்னபடி என் போனில் தேடினேன், எனக்கும் மூன்று இடத்தில் பியூட்டி இருந்தது. வீட்டில் இருக்கும் எல்லோர் போனிலும் அணைத்துவிட்டேன். அத்தை வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் அடுத்த வாரம் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அப்பாவையும் அம்மாவையும் திண்ணையில் உட்காரவைத்தேன். வெயில் நேரே படாமல், வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் வந்தது. லென்ஸை அம்மாவின் முந்தானையிலேயே துடைத்தேன். அப்பா சவரம் செய்துவிட்டு வருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தனித்தனியாக இரண்டு, சேர்ந்து மூன்று. மூலப் படங்களைப் பென்டிரைவில் ஏற்றி நேரே ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் 4-க்கு 6-இல் இரண்டு பிரதி போட்டேன். ஒரு பிரதி எங்கள் வீட்டு ஆல்பத்தில், இன்னொன்று அத்தை வீட்டுக்கு.

அப்பா பிரிண்ட்டை ஜன்னலோரம் கொண்டுபோய்க் கண்ணாடி போட்டுப் பார்த்தார். அம்மா கன்னத்து மருவை விரலால் தொட்டு, "இது ஆத்தாளுக்கும் இதே எடத்துலதான் இருந்துச்சு" என்றார். அம்மாவும் அப்பத்தாவும் மருமகளும் மாமியாரும் மட்டுமல்ல, ரத்த உறவும்தான். அம்மா அப்பத்தாவின் தம்பி மகள். எனக்கு அது அதுவரை தோன்றவில்லை.

பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு இன்னொரு படமும் எடுக்கச் சொன்னேன். அதில் நானும் இருக்கிறேன்.