லேபிளில் மாடு, உள்ளே குதிரை: உடலுக்குக் கெடுதல் இல்லையென்றால் குற்றம் சிறியதா?

நெய்தல்:
பதப்படுத்திய இறைச்சி உணவில் லேபிள் ஒன்றும் உள்ளே இருப்பது வேறொன்றுமாகப் பிடிபடும்போதெல்லாம் "சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்ற சமாதானமும் கூடவே வந்துவிடுகிறது. 2013-ல் ஐரோப்பாவில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். அந்த ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 27 மாட்டிறைச்சி பர்கர்களைச் சோதித்த முடிவை வெளியிட்டது. 10-ல் குதிரையின் டி.என்.ஏ., 23-ல் பன்றியின் டி.என்.ஏ. ஒரு பர்கரில் குதிரையின் பங்கு 29 சதவீதம். அடுத்த மாதமே பிரிட்டனில் மாட்டிறைச்சி லசான்யா (இறைச்சியும் பாஸ்தாவும் அடுக்கிச் செய்யும் இத்தாலிய உணவு) என்று விற்ற உறைய வைத்த பொட்டலங்களில் 60 முதல் 100 சதவீதம் வரை குதிரை இருந்தது தெரியவந்தது. கெடுதல் இல்லை என்பதற்காக இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

கூர்வாள்:
மறுக்கிறேன். ஏமாற்றியவனைத் தண்டிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோபத்துக்கும் ஓர் அளவு வேண்டும் என்கிறேன். 23-ல் பன்றி என்று எழுதினீர்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் இருந்தது மிகக் குறைந்த தடயம்தான். ஒரே ஆலையில் ஒரே இயந்திரத்தில் இரண்டு இறைச்சியும் அரைபட்டால், கழுவிய பிறகும் இவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கும். 29 சதவீதமும் இந்தத் தடயமும் ஒரே தலைப்பில் வந்தால் படிப்பவர் என்ன நினைப்பார்?

அப்புறம், அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 4,144 மாதிரிகளில் குதிரையைத் தேடினார்கள். கிடைத்தது 193-ல். ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. குதிரைக்கு வலிக்காகக் கொடுக்கும் ஃபினைல்பியூட்டசோன் மருந்து இறைச்சியில் இருக்கிறதா என்று 3,115 சோதனை செய்தார்கள், 16-ல்தான் இருந்தது. முழுக்கக் குதிரையால் ஆன பர்கரை ஒரு நாளைக்கு 500, 600 என்று தின்றால்தான் மனிதருக்குக் கொடுக்கும் ஒரு நாள் மருந்தளவை நெருங்கும் என்று இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி அப்போதே சொன்னார். இதற்காகச் சுமார் 1 கோடி பர்கர்களைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். உணவை வீணாக்குவதும் எனக்குக் குற்றமாகத்தான் படுகிறது.

தேன்சிட்டு:
கூர்வாள், தடயம் என்று நீங்கள் ஒதுக்கிவிடுகிற அளவுதான் சிலருக்கு எல்லாமே. பன்றியைத் தொடாத முஸ்லிமிடமும் யூதரிடமும் "ஒரு சதவீதம்கூட இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். அதே 2013 பிப்ரவரியில் இங்கிலாந்துச் சிறைகளுக்கு ஹலால் என்று அனுப்பிய இறைச்சிப் பண்டங்களில் பன்றியின் டி.என்.ஏ. இருந்தது என்று அந்நாட்டு நீதி அமைச்சகமே ஒப்புக்கொண்டது. கடையில் வாங்குபவர் பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போகலாம். சிறையில் தட்டில் வந்ததைத்தான் சாப்பிட வேண்டும். அவர் நம்புவதற்கு அந்த ஒரு சொல்லைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

உடலுக்குக் கெடுதல் என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால், மனிதர் எதைத் தன் வாயில் போட்டுக்கொள்வது என்று முடிவு செய்யும் உரிமையையே கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம்.

ஆய்வுமேசை:
உணவு ஆய்வகத்தில் வேலை செய்பவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, கூர்வாள் சொல்லும் ஒட்டுதல் உண்மை. டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனை அவ்வளவு நுணுக்கமானது, துளி கலந்தாலும் காட்டிவிடும். ஆனால் "எத்தனை சதவீதம்" என்று சொல்வது கடினம். தசை, கொழுப்பு, ஈரல் எல்லாவற்றிலும் டி.என்.ஏ. ஒரே அளவில் இருப்பதில்லை. வேகவைத்து, பதப்படுத்திய பிறகு அது துண்டு துண்டாகச் சிதைந்தும் போகிறது. அதனால்தான் பிரிட்டனில் 1 சதவீதத்தைக் கோடாக வைத்தார்கள். அதற்கு மேல் போனால் தற்செயல் என்று சொல்லித் தப்ப முடியாது.

இரண்டாவதைப் பலர் யோசிப்பதில்லை. இந்தச் சோதனையில் நாம் எந்த விலங்கைத் தேடுகிறோமோ அதுதான் தெரியும். பன்றிக்கான சோதனை போட்டால் பன்றி தெரியும், குதிரை தெரியாது. குதிரையைத் தேட வேண்டும் என்று அதற்கு முன் பெரும்பாலோருக்குத் தோன்றவே இல்லை. அயர்லாந்துக்காரர்கள் தேடினார்கள், கிடைத்தது. "இத்தனை வருடம் புகார் இல்லை" என்ற வாதத்தை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

நெய்தல்:
நன்றி ஆய்வுமேசை. கூர்வாள், அந்த 500 பர்கர் கணக்குக்கு வருகிறேன். எப்போது போட்ட கணக்கு அது? விஷயம் வெடித்து, இறைச்சியைப் பிடித்துச் சோதித்து, அதில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று தெரிந்த பிறகு. அதற்கு முன்பு சாப்பிட்டவர்களின் தட்டில் என்ன இருந்தது என்று எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது.

அந்த லசான்யா இறைச்சி வந்த வழியைப் பாருங்கள். ருமேனியாவின் இறைச்சிக்கூடங்களிலிருந்து புறப்பட்டபோது காகிதத்தில் குதிரை என்றே இருந்தது. சைப்ரஸில் பதிவான ஒரு நிறுவனத்தை நடத்திய நெதர்லாந்து வியாபாரி நடுவில். பிறகு தெற்கு பிரான்சில் ஓர் இறைச்சி நிறுவனம், அடுத்து லக்சம்பர்க்கில் சமைக்கும் ஆலை, கடைசியில் பிரிட்டன் கடைகளின் உறைபெட்டி. இந்த வழியில்தான் குதிரை மாடாகிவிட்டது.

அந்த வலி மருந்து ஒருமுறை கொடுத்த குதிரை மனித உணவுக்கு வரவே கூடாது என்பது அங்குள்ள விதி. மனிதரில் அபூர்வமாக அது எலும்பு மஜ்ஜையையே செயலிழக்கச் செய்யும். எந்தக் குதிரைக்கு மருந்து கொடுத்தார்கள் என்பது அதன் அடையாள ஏட்டில்தான் இருக்கும். பெயரை மாடு என்று மாற்றிய நொடியில் அந்த ஏட்டுக்கும் இறைச்சிக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. எந்த விலங்கு என்பதிலேயே பொய் சொன்னவர், எங்கே வெட்டியது, நோய் இருந்ததா, என்ன மருந்து என்ற மற்றதையெல்லாம் உண்மையாகச் சொல்லியிருப்பார் என்று நாம் ஏன் நம்ப வேண்டும்? பாதுகாப்பானது என்று தெரிந்து யாரும் அதைச் சாப்பிடவில்லை. தப்பித்தார்கள், அவ்வளவுதான்.

கூர்வாள்:
இந்த வாதத்தில் பலம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தீர்வு என்று எல்லோரும் கேட்பது என்ன? எல்லாவற்றையும் சோதி. அந்தச் செலவு யார் தலையில் விழும்? உறைய வைத்த பர்கரையும் மலிவான லசான்யாவையும் வாங்குவது வசதியுள்ளவர் இல்லை. இருக்கிற ஒரே மலிவான புரதத்தின் விலையை ஏற்றிவிட்டு "நம்பிக்கையை மீட்டோம்" என்றால் நான் சந்தோஷப்பட மாட்டேன். சூப்பர்மார்க்கெட்டுகள் விலையை அடித்து அடித்துக் குறைக்கச் சொன்னதில்தான் இந்த மோசடியே பிறந்தது. அதையும் பேசுங்கள்.

தேன்சிட்டு:
பேசுவோம். ஆனால் அதே காரணத்துக்காகத்தான் எனக்குக் கோபம் அதிகம். முழுத் துண்டாக வாங்குபவருக்கு நிறமும் நாரும் எலும்பும் பார்த்து ஓரளவு புரியும். அரைத்து, மசாலா சேர்த்து, உறைய வைத்ததில் கண்ணுக்கும் நாக்குக்கும் வேலையே இல்லை. மலிவானதை வாங்குபவர்தான் லேபிளை முழுசாக நம்பியாக வேண்டியவர். ஏமாற்றுபவர் அவரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

கெடுதல் இல்லை என்பதும் எல்லா இடத்திலும் நிற்காது. 2013-லேயே தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 139 இறைச்சிப் பொருட்களைச் சோதித்தார்கள். 95-ல் லேபிளில் இல்லாத ஏதோ ஒன்று இருந்தது. கழுதை, ஆடு, நீரெருமைகூட. கால்வாசிக்கும் மேல் சொல்லாமல் சேர்த்த சோயாவும் கோதுமைப் புரதமும். சோயா ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாயிடம் போய் உங்கள் அளவுகோலைச் சொல்ல முடியுமா?

கூர்வாள்:
ஒவ்வாமை விஷயம் தனி. அதில் எந்தச் சலுகையும் கேட்க மாட்டேன். சொல்லாத சோயா நேரடி ஆபத்து. ஆனால் இயந்திரத்தில் ஒட்டிய தடயத்தையும் பணத்துக்காகப் பெயர் மாற்றியதையும் ஒரே கூண்டில் நிறுத்தாதீர்கள் என்பதை விட மாட்டேன். அப்படி நிறுத்தினால் நேர்மையான சிறு ஆலை மூடும், மோசடிக்காரன் இன்னொரு நாட்டில் இன்னொரு பெயரில் தொடங்குவான்.

ஆய்வுமேசை:
தண்டனையைப் பற்றி: அந்த நெதர்லாந்து வியாபாரிக்குப் பாரிஸ் நீதிமன்றம் 2 ஆண்டு சிறை விதித்தது 2019-ல். ஆறு வருடம் கழித்து.

செலவைப் பற்றி: எல்லாவற்றையும் சோதிக்கத் தேவையில்லை. பிரிட்டன் அரசுக்காகப் பேராசிரியர் கிறிஸ் எலியட் 2014-ல் தந்த அறிக்கை, முன்னறிவிப்பு இல்லாத ஆய்வை வலியுறுத்தியது. தேதி சொல்லிவிட்டு வரும் தணிக்கையில் எந்தக் கிடங்கும் சுத்தமாகத்தான் இருக்கும். இன்னொரு மலிவான வழி, விலையைப் பார்ப்பது. சந்தை விலைக்கு மிகக் கீழே மாட்டிறைச்சி வந்தால், வாங்கும் அதிகாரி சந்தேகப்பட ஆய்வகம் எதற்கு? கணக்குப் புத்தகம் போதும். உணவுக் குற்றத்துக்கென்று தனிப் பிரிவையும் அங்கே அதற்குப் பிறகுதான் தொடங்கினார்கள்.

நெய்தல்:
இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 ஏப்ரலிலிருந்து பன்றி, ஆடு, கோழியின் பச்சை இறைச்சிக்கும் எந்த நாடு என்று எழுதியாக வேண்டும். மாட்டிறைச்சிக்கு முன்பே இருந்தது. ஆனால் அதே இறைச்சி லசான்யாவுக்குள் போய்விட்டால் ஒன்றியம் முழுமைக்குமான பொதுக் கட்டாயம் இல்லை. மோசடி நடந்தது சமைத்த உணவில், சட்டம் இறுகியது பச்சை இறைச்சியில். கூர்வாள், இதை எழுதச் சொன்னால் விலை ஏறும் என்பீர்களா?

கூர்வாள்:
கொஞ்சம் ஏறும். இதற்கு ஏறட்டும். எந்த நாடு என்று எழுத வைத்தால் கைமாறும் வழியும் தானாகக் குறுகும். ஆனால் 1 சதவீதக் கோடு அப்படியே இருக்க வேண்டும்.

தேன்சிட்டு:
ஹலால் என்றோ, யூதர்களின் உணவு விதிப்படி கோஷர் என்றோ எழுதியதற்கு அந்தக் கோடு செல்லாது. அதற்குத் தனி இயந்திரம், தனி ஆலை. முடியாதென்றால் அந்தச் சொல்லை அச்சிடாமல் விற்கட்டும்.